மணல் மூட்டைகள் நலமாக உள்ளன

புயல் கரையைக் கடப்பதற்கு முன்பு, எங்கள் பகுதியின் வெள்ளத் தடுப்பு ஏற்பாடுகளைப் பற்றி எனக்குப் பதினேழு அறிவிப்புகள் வந்து சேர்ந்தன. கடந்த பிறகு இருபத்து மூன்று. ஆக நாற்பது. இந்த நாற்பதில் மணல் மூட்டைகளைப் பற்றி இருபத்தெட்டு, நீர் இறைக்கும் மோட்டார்களைப் பற்றி ஒன்பது, வதந்திகளை நம்ப வேண்டாம் என்று மூன்று. எங்கள் தெருக்கோடியில் இடுப்பளவு தண்ணீர் நின்றதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒருவேளை அதை வதந்தியில் சேர்த்துவிட்டார்களோ என்னவோ.

நான் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மாத்திரை பாட்டில் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தவன். உள்ளே வந்த பெட்டி எத்தனை, வெளியே போனது எத்தனை, இருப்பு எத்தனை என்று முப்பத்தொரு வருடம் எண்ணியிருக்கிறேன். ஓய்வு பெற்றதும் எண்ண ஒன்றுமில்லாமல் கை நமநமத்தது. தெரு விளக்குகளில் எரிவது, எரியாதது, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சாமியார் இருமுகிற தடவைகள் என்று எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன். என் மனைவி இதை வியாதி என்பாள். நான் கவனம் என்பேன்.

எங்கள் தெரு சாரம் பகுதிக்கு மேற்கே இருக்கிறது. ஒரு முனையில் மெயின் ரோடு, மறுமுனையில் ஊர்த் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகிற அகலமான வாய்க்கால். எங்கள் வீடு வாய்க்கால் பக்கத்திலிருந்து ஆறாவது. கட்டும்போது வாசலுக்கு ஐந்து படி வைத்தோம். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். இப்போது மூன்று படிதான் வெளியே தெரிகிறது. வீடு அப்படியேதான் இருக்கிறது, ரோடு வளர்ந்துவிட்டது.

மாடியில் நானும் மனைவியும். கீழ் வீட்டில் அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்தவர். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். பட்டாளத்தில் சமையல்கட்டில்தான் இருந்தார் என்பது வேறு விஷயம். அதைச் சொன்னால் இரண்டு நாள் பேச மாட்டார். அவர் மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் பாரிசு பக்கம். எடை எண்பத்தெட்டு கிலோ. இரண்டு சிறுநீரகமும் ஓய்வு பெற்றுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். கழுத்தில் ஒரு குழாய் பொருத்தியிருக்கிறார்கள். அதில் ஒரு சொட்டு அழுக்குத் தண்ணீர்கூடப் படக் கூடாது என்று டாக்டர் ஒருமுறை என்னிடமும் ஒருமுறை என் மனைவியிடமும் சொல்லியிருக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கவும் கூடாது. அந்த லிட்டரை அளந்து கொடுப்பவன் நான். முன்பு ஒரு முறை, ஒரே ஒரு முறை, டயாலிசிஸ் ஒரு நாள் தள்ளிப்போனது. மூச்சு வாங்கி, முகம் வீங்கி, உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தார். அதற்குப் பிறகு டாக்டர் சொன்னது: இனிமேல் தள்ளிப்போடக் கூடாது.

புயல் சனிக்கிழமை கரையைக் கடக்கும் என்றார்கள்.

எனவே எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. சனிக்கிழமை மச்சானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியுமா. என் மகள் வீடு ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி, மேட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமையே அங்கே போய்த் தங்கிவிட்டால் தீர்ந்தது. இதைச் சொல்லக் கீழே போனேன். மச்சான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு செல்போனைப் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் பகுதி மக்களுக்கென்று அதிகாரிகள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அறிவிப்புகள் அதில்தான் வரும். நாம் பதில் எழுத முடியாது. அந்த வசதியைக் கவனமாக நீக்கிவிட்டிருந்தார்கள்.

"மாப்ள, இதக் கேளு. கால்வாய்க் கரை நெடுக இருநூத்தைம்பது மணல் மூட்டை. ரெண்டு மோட்டார் ரெடி. எல்லாம் போர்க்கால அடிப்படையில."

"மச்சான், எதுக்கும் இன்னிக்கே பொண்ணு வூட்டுக்குப் போயிடலாம்."

"எதுக்குப் போவணும். அதான் இருநூத்தைம்பது மூட்ட இருக்குதே."

"மூட்டை மேலயா ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவப்போறீங்க."

"உனுக்கு எதுலயும் நம்பிக்க கெடயாது மாப்ள. கவர்ன்மென்ட்டு சொல்லுது, நீ இல்லன்ற."

அவருடைய நம்பிக்கைக்கு வேறொரு காரணம் இருந்தது. என் மகள் அவருக்கு உப்பில்லாமல் சாப்பாடு போடுவாள். ஊறுகாய் பாட்டிலைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்ள அங்கே வழி கிடையாது. அரசாங்கத்தின் பேரில் இத்தனை பக்தி எலுமிச்சை ஊறுகாயால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியும். ஆனால் அவர் எண்பத்தெட்டு கிலோ. வர மாட்டேன் என்றால் வர மாட்டார்.

நான் குடையை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். மூட்டைகளை எண்ணத்தான்.

கரை நெடுக ஒரு மூட்டையும் இல்லை. எல்லா மூட்டைகளும் ஒரே இடத்தில், எங்கள் தெருவின் சாக்கடை போய் வாய்க்காலில் விழுகிற வாய்க்கு முன்னால் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. பின்னால் வாய்க்காலின் பெயர் எழுதிய போர்டு. மழைக்கோட்டு போட்ட ஓவர்சீயர் ஒருவர் செல்போனை நீட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். நாலு ஆள்கள் மூட்டைகளுக்குப் பக்கத்தில் வேலை செய்வது போல் குனிந்து நின்றார்கள். அவர் "ம்" என்றதும் நிமிர்ந்தார்கள்.

நான் இரண்டு முறை எண்ணினேன். எண்பத்து நாலு.

"இருநூத்தைம்பதுன்னு போட்டிருக்கீங்களே தம்பி. எண்பத்து நாலுதான் இருக்குது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எண்ணிட்டீங்களா சார்."

"ரெண்டு தடவ."

"மீதி கையிருப்புல இருக்குது சார்."

கையிருப்பு என்ற சொல்லை என்னிடமா சொல்வது. கையிருப்பு என்றால் கண்ணால் பார்த்து, தொட்டு, எண்ணி வைத்தது. இல்லாததற்கு வேறு சொல் இருக்கிறது. ஆனால் நான் சண்டைக்குப் போகவில்லை. முக்கியமான கேள்வி வேறு.

"கரை நெடுக வைக்கிறதா இருந்துச்சே. இன்னா இங்கியே குமிச்சு வெச்சிருக்கீங்க."

"நெடுக வெச்சா போட்டோல நாலு மூட்டதான் சார் தெரியும். இங்க அடுக்கினாதான் நெறைய தெரியும். பின்னால போர்டும் வரும். எடமும் நேரமும் போட்டோலயே அச்சாயிடும். அது இல்லன்னா பில்லு பாஸாவாது சார்."

"இது தெருத் தண்ணி வெளிய போற வாயி. இத அடச்சா மழத் தண்ணி எப்டிப் போவும்."

"வாய்க்கா நெறைஞ்சா இது வழியாதான் சார் தெருவுக்குள்ள தண்ணி ஏறும். அதுக்குதான் அடைக்கறோம். ஒரே கல்லுல ரெண்டு வேல."

"வாய்க்கா நெறையாம தெரு நெறைஞ்சா?"

"அப்டி எங்கனா ஆவுமா சார்," என்று சிரித்தார். ஆள்களும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. குடை பிடித்துக்கொண்டு வந்து மூட்டை எண்ணுகிற கிழவனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

வீடு திரும்பி மச்சானிடம் எண்பத்து நாலு என்றேன். அதற்குள் அடுத்த அறிவிப்பு வந்திருந்தது. போட்டோவில் மூட்டைகள் மலை போல் இருந்தன. "இத்த போயி எண்பத்து நாலுன்றியே," என்றார். நான் நேரில் பார்த்தவன். அவர் போட்டோவில் பார்த்தவர். போட்டோ ஜெயித்தது.

மழை வெள்ளிக்கிழமை மாலையில் பிடித்தது. அதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் சொல்வார்கள், அத்தனையும் உண்மையாக இருக்கும்.

சனிக்கிழமை காலையில் மாடிப்படி இறங்கிப் பார்த்தேன். வாசலில் மூன்று படியும் காணவில்லை. தண்ணீர் வாசற்கல்லைத் தாண்டிக் கீழ் வீட்டுக்குள் கணுக்கால் அளவு வந்திருந்தது. மச்சானின் கட்டில் கால்களுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தினோம். அவர் அதன் மேல் கால்களை மடக்கிக்கொண்டு, கழுத்துக் குழாயை ஒரு கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் அதற்குள்ளேயே லேசாக உப்பியிருந்தது. வியாழனுக்கு அப்புறம் உடம்பில் சேர்ந்த தண்ணீர். வெளியே ஒரு வெள்ளம், உள்ளே ஒரு வெள்ளம்.

என் மனைவி ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்னங்க, அண்ணன எப்டியாவது கொண்டு போயிடணும்ங்க."

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். டயாலிசிஸ் டெக்னீசியன் நல்ல மனிதர். "ஜெனரேட்டர்லதான் ஓடுது சார். ரெண்டு மணிக்கு மேல டீசல ஐசியுவுக்கு மட்டும் வெச்சுக்கணும்னு சொல்லிட்டாங்க. ஒரு மணிக்குள்ள கொண்டாந்துட்டீங்கன்னா கொறஞ்ச நேரமாச்சும் போட்டு வுட்டுடலாம். இல்லன்னா செவ்வாக்கெழமதான்."

செவ்வாய் வரை தாங்காது. அது டாக்டர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

தெருமுனையில் தண்ணீர் கேன் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். பாகூர்ப் பக்கம் சொந்த நிலம், விவசாயக் குடும்பம். நிலம் சோறு போடாத மாதங்களில் ஊருக்குள் கேன் போடுவார். அவரிடம் ஒரு குட்டியானை வண்டி உண்டு. போனில் கூப்பிட்டேன்.

"வர்றேன் சார், சொல்தா ஐயாவுக்கு வராம இருப்பனா. ஆனா மெயின் ரோட்டாண்ட நிக்கிறேன். உள்ள வந்தா இஞ்சின் தண்ணி குடிச்சிடும். முட்டிக்குக் கீழ எறங்குச்சுன்னா வந்துடுவேன்."

"தூக்கிட்டு வந்தா?"

"எண்பது கிலோவ இந்தத் தண்ணியிலயா. சாக்கடப் பலக எத்தன ஒடஞ்சு கெடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா சார்."

தெரியும். ஒன்பது. ஒரு ஆள் கால் தவறினால் மச்சான், நாற்காலி, கழுத்துக் குழாய் எல்லாம் சாக்கடைத் தண்ணீருக்குள். எனவே தண்ணீர் இறங்க வேண்டும். மேலிருந்து மூன்றாவது படி கண்ணில் பட்டால் முட்டிக்குக் கீழே என்று கணக்கு.

செல்போன் அப்போது ஒரு சத்தம் கொடுத்தது. "கால்வாய்க் கரைகள் உறுதியாக உள்ளன. மணல் மூட்டைகள் அரணாக நின்று குடியிருப்புகளைக் காத்து வருகின்றன. பணிகள் போர்க்கால அடிப்படையில் நடைபெறுகின்றன."

மச்சான் கட்டிலில் உட்கார்ந்தபடி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாப்ள, நான் பட்டாளத்துல இருந்தவன். போருன்னா மொதல்ல லாரி வரும். அப்பறம் ரொட்டி வரும். எங்க ரெண்டயும் காணம்."

ஊறுகாய் பாட்டில் கட்டிலுக்கடியில் மிதந்து சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு எனக்கு ஒரு மெடல் கொடுக்கலாம்.

வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். நான்காவது முறையில் ஒரு பெண் எடுத்தாள்.

"சார், உங்க ஏரியா கிரீன்ல இருக்குது."

"இன்னாம்மா கிரீனு. தண்ணி கருப்பா இருக்குது."

"கால்வாய்ல நீர்மட்டம் அபாய அளவுக்குக் கீழதான் சார் இருக்குது."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். கால்வாய் பத்திரமா இருக்குது. எங்க தெருத் தண்ணி ஒரு சொட்டு அதுல போயிடாம மூட்ட வெச்சுக் காப்பாத்திக்கினு இருக்கீங்க."

"கம்ப்ளெயின்ட்டா எடுத்துக்கட்டுமா சார்."

"எடுத்துக்கினா இன்னா ஆவும்."

"நம்பர் தருவேன் சார்."

நம்பர் கொடுத்தாள். அது மட்டும் தாமதமில்லாமல் வந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் முனை வரை போனேன். கடைசி வீட்டு மதில் மேல் ஏறி நின்று பார்த்தேன். தெருவில் இடுப்பளவு தண்ணீர். மூட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் ஒரு முழம் தாழ்வாக, நிதானமாகக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. எண்பத்து நாலு மூட்டைகளும் எங்களிடமிருந்து வாய்க்காலைப் பாதுகாத்துக்கொண்டிருந்தன. அடுக்கியிருந்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முந்தைய நாள் வாங்கி வைத்திருந்த ஓவர்சீயரின் எண்ணுக்குப் பேசினேன்.

"தம்பி, வாய்க்கா கீழ இருக்குது, தெரு மேல இருக்குது. மூட்டய எடுக்கணும். ஆள அனுப்புங்க."

"ஐயோ, தொடாதீங்க சார். மூட்ட அந்த எடத்துல இருக்குதுன்னு காலையில அப்டேட் மேல வரைக்கும் போயிடுச்சு. இப்ப எடுத்தா நான் பொய் சொன்ன மாரி ஆயிடும்."

"அப்ப தண்ணி?"

"தண்ணியப் பத்தி நாங்க ஒண்ணும் போடல சார்."

அவர் சொன்னது முழு உண்மை.

"வூட்ல டயாலிசிஸ் பேஷன்ட்டு இருக்காரு. ஒரு மணிக்குள்ள போவலன்னா உசுருக்கு உத்தரவாதமில்ல."

போனில் மழைச் சத்தம் கேட்டது, அவர் பக்கமும் மழைதான். பிறகு மெதுவாகச் சொன்னார். "சார், நான் இங்க வீராம்பட்டினத்துல மாட்டிக்கினு இருக்கேன். படகு ரெடியா இருக்குதுன்னு போட்டோ எடுக்க வந்தேன், வண்டி நின்னு போச்சு. நீங்க போன் பண்ணதே எனக்குத் தெரியாது. சரிங்களா." வைத்துவிட்டார். பொறுப்புள்ள ஒரு அதிகாரி அந்த நிலையில் கொடுக்கக்கூடிய அனுமதி அவ்வளவுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கேன்காரர் மெயின் ரோட்டிலிருந்து நடந்தே வந்தார், அரை டிராயரோடு. எதிர் வீட்டிலிருந்து இரண்டு பேர், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர், இன்னும் சிலர். மொத்தம் ஒன்பது பேர், என்னைச் சேர்க்காமல். என்னை எண்ணும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

"கேசு கீசு போட்டுட மாட்டாங்களே," என்றார் தபால்காரர். அவருக்கு ஒரு முட்டி மாற்றியிருக்கிறது.

"போட்டா நான் சாட்சி. அடச்சது எண்பத்து நாலு, எடுத்தது எத்தினின்னு சரியா சொல்லுவேன்."

"எல்லாத்தையும் எடுக்கணுமா சார்," என்றார் கேன்காரர்.

"வாய மறைக்கிறது முப்பது இருக்கும். அது போதும்."

"பாத்துச் சொல்லுங்க சார். ஒண்ணு அதிகமா எடுத்துட்டா வவுச்சர் போடச் சொல்லப் போறீங்க."

ஊறிய மணல் மூட்டை எருமைக்கன்று போல் கனக்கும். ஒருவர் இழுக்க, இருவர் தள்ள, ஒவ்வொன்றாக ஓரத்துக்குப் போனது. பத்து. பதினைந்து. ஒன்றும் நடக்கவில்லை. இருபத்தாறாவது மூட்டையை அசைத்தபோது தண்ணீர் பொறுமை இழந்துவிட்டது. மிச்சமிருந்த ஐந்தாறு மூட்டைகளைத் தானே தள்ளிக்கொண்டு வாய்க்காலுக்குள் பாய்ந்தது. கேன்காரர் போர்டைப் பிடித்துக்கொண்டு தப்பினார். அந்தப் போர்டால் பொதுமக்களுக்குக் கிடைத்த முதல் உபயோகம் அது. எதிர் வீட்டுக்காரர் இதையெல்லாம் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் வாசலுக்குத் திரும்பி நின்றேன். கீழ் வீட்டிலிருந்து தண்ணீர் வெளியேறியது. வாசற்கல் தெரிந்தது. முதல் படி. அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றும் தெரியவில்லை. உள்ளேயிருந்து மச்சான், "எத்தினாவது படி மாப்ள," என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குரலில் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. இரண்டாவது படி தெரிந்ததும் சொன்னேன். அடுத்த முறை அவர் கேட்கவில்லை. கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டு என்னைப் பார்க்காமல் இருந்தாள்.

மூன்றாவது படியின் விளிம்பு தெரிந்தபோது பன்னிரண்டரை தாண்டியிருந்தது. கேன்காரர் குட்டியானையைப் பின்புறமாகவே ஓட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மச்சானின் கழுத்தைப் பாலிதீன் பையால் சுற்றி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ஆறு பேர் தூக்கி ஏற்றினோம். நான் தூக்கினேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு காலைத் தொட்டுக்கொண்டிருந்தேன். காலி கேன்களுக்கு நடுவே, தார்ப்பாயின் அடியில், அவர் ராணுவ அணிவகுப்பைப் பார்வையிட வந்தவர் போல் உட்கார்ந்திருந்தார். வழியில் ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியது.

"முசே, பாத்து," என்றார் மச்சான். பட்டாளத்துக்காரர் வாயில் ஐயா என்கிற அந்தப் பிரெஞ்சு மரியாதை யாருக்கும் சும்மா வராது.

"நானா முசே. சொல்லிக்கினே வாங்க ஐயா, வூட்ல போயி சொல்றேன்," என்றார் கேன்காரர்.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். எடை பார்த்தார்கள். டெக்னீசியன் மெஷினில் இணைத்தார். அது ஓட ஆரம்பித்த பிறகுதான் என் சட்டை முழுக்க நனைந்திருப்பதும், காலில் ஒரு செருப்பு மட்டும் இருப்பதும் எனக்குத் தெரிந்தது. முடிந்ததும் மறுபடி எடை பார்த்தார்கள். இரண்டு கிலோ நானூறு கிராம் குறைந்திருந்தது. மெஷினிலும் அதே எண். அன்று முழுக்க நான் கேட்ட நீர்மட்ட அறிவிப்புகளில் நேரில் சரிபார்க்க முடிந்தது அது ஒன்றுதான்.

அதற்குள் போனில் ஒரு போட்டோ வந்திருந்தது. எதிர் வீட்டுக்காரர் யாருக்கோ அனுப்பி, அது எங்கெங்கோ சுற்றி, அதிகாரிகளின் குழுவுக்கே போய்விட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் மச்சான், அவரைத் தூக்குகிற ஆறு பேர். கீழே எழுதியிருந்தது: "தாழ்வான பகுதியில் சிக்கியிருந்த முதியவரை மீட்புக் குழுவினர் பத்திரமாக மீட்டனர். கால்வாயில் மணல் மூட்டைகள் நல்ல நிலையில் உள்ளன."

கேன்காரர் தன் அரை டிராயரைப் பார்த்துக்கொண்டார். "சார், எனுக்கு கவர்ன்மென்ட்டு வேல கெடச்சிடுச்சு போலருக்குது."

மச்சான் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார். "யார்ரா முதியவரு."

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. கீழ் வீட்டில் சேற்றை வாரினோம். பிரிட்ஜ் போய்விட்டது, மெத்தை போய்விட்டது. மச்சான் என் மகள் வீட்டில் உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் பிடிவாதமாகத் திரும்பி வந்துவிட்டார். அன்று வந்த அறிவிப்பு: "சில இடங்களில் மணல் மூட்டைகள் சமூக விரோதிகளால் அகற்றப்பட்டுள்ளன. அவை மீண்டும் சீரமைக்கப்படும்." எங்கள் சமூக விரோதிகளில் ஒருவருக்கு முட்டி மாற்றியிருக்கிறது, இரண்டு பேருக்குச் சர்க்கரை, ஒருவர் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். எண்ணியவனைச் சேர்த்தால் பத்துப் பேர்.

அதே அறிவிப்பின் கடைசி வரியில் வங்கக் கடலில் இன்னொரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருப்பதாகவும், செவ்வாயன்று கனமழை இருக்கும் என்றும் போட்டிருந்தது. செவ்வாய் டயாலிசிஸ். என் மனைவி அந்த வரியைப் படித்துவிட்டு, படிக்காதது போல் போனை என்னிடம் கொடுத்தாள்.

மதியம் ஓவர்சீயர் அதே நாலு ஆள்களோடு வந்தார். ஓரத்தில் கிடந்த மூட்டைகளையும், வாய்க்காலில் போனவற்றுக்கு ஈடாக அடுக்கிலிருந்து சிலவற்றையும் எடுத்து மறுபடியும் அதே வாயில் அடுக்கச் சொன்னார். எனக்குத் தலையெழுத்தே என்றிருந்தது. நான் பேசுவதற்குள் மச்சான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து வந்துவிட்டார். பின்னால் என் மனைவி பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாக்கடை வாய்க்கு முன்னால் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார்.

"இப்ப வெய் பாக்கலாம்."

"ஐயா, எழுந்திருங்கய்யா. மேலருந்து கேக்கறாங்க. வேலக்கி முன்னாடி, நடுவுல, முடிஞ்ச பின்னாடின்னு மூணு போட்டோ இருக்கணும். பின்னாடி எடுக்கற போட்டோல மூட்ட இல்லன்னா மொத்த வேலயும் நடக்கலன்னு ஆயிடும். என் சம்பளத்துலதான் புடிப்பாங்க."

"நாளைக்கி மழ. நாளைக்கி நான் ஆஸ்பத்திரிக்குப் போவணும். நீ வெச்சுட்டுப் போயிட்டா தண்ணி எங்க போவும்."

"நீங்க சொல்றது எனக்குப் புரியுதுய்யா. ஆனா மூட்ட இல்லாம நான் இன்னா அனுப்பறது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் என்று தெரியவில்லை. ஸ்டோர்ஸில் இதற்கு ஒரு வழி உண்டு. வருடக் கடைசியில் ஆடிட்டர் வருகிற அன்று மட்டும் சில பெட்டிகள் அவற்றுக்குரிய அலமாரியில் இருக்கும். அவர் டீ குடித்துவிட்டுக் கிளம்பியதும் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடும். யாருக்கும் நஷ்டமில்லை.

"தம்பி, உங்களுக்கு வேண்டியது மூட்டையா, போட்டோவா."

அவர் கொஞ்சம் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். "போட்டோதான் சார்."

"அப்ப வெய்ங்க. எடுங்க. எடுத்ததும் மூட்டய ஓரமா வெச்சுட்டுப் போங்க. வாய்க்கா நெசமாவே ஏறுச்சுன்னா நாங்களே அடச்சுக்கறோம். எத்தினின்னு எனுக்குத் தெரியும்."

மச்சானை நாற்காலியோடு இரண்டடி தள்ளி வைத்தோம். மூட்டைகளை அடுக்கினார்கள். ஆள்கள் குனிந்தார்கள். ஓவர்சீயர் "ம்" என்றார். நிமிர்ந்தார்கள். பிறகு ஓவர்சீயரே மழைக்கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அவர்களோடு சேர்ந்து வாயை மறைத்த முப்பத்திரண்டு மூட்டைகளையும் ஓரத்துக்கு இழுத்தார். தூக்கும்போது, "செம கனம் சார்," என்றார். ஆமாம் என்றேன். அவர் அவற்றை வைத்துப் படம் எடுத்திருக்கிறாரே தவிர, தூக்கியது அன்றுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் தெருவில் வெள்ளத் தடுப்பு இப்படித்தான் நடந்தது. மழை எச்சரிக்கை வந்தால் ஓவர்சீயர் வருவார். மூட்டைகள் வாய்க்குப் போகும், போட்டோவுக்கு நிற்கும், ஓரத்துக்கு வரும். மச்சான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைசி மூட்டை ஓரத்துக்கு வரும் வரை எழுந்திருக்க மாட்டார். நான் எண்ணிச் சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை நன்றாகவே பெய்தது. தண்ணீர் வந்தது, மூன்றாவது படியைத் தொட்டது, திறந்திருந்த வாய் வழியாகப் போய்விட்டது. குட்டியானை வாசல் வரை வந்தது. மச்சான் செருப்பு நனையாமல் ஏறினார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது போன் சத்தம் கொடுத்தது. கண்ணாடி இல்லாததால் என்னைப் படிக்கச் சொன்னார்.

"மணல் மூட்டைகள் உரிய இடத்தில் உறுதியாக உள்ளன," என்று படித்தேன்.

"ரொம்ப சந்தோசம்," என்றார் மச்சான். கண்ணை மூடித் தூங்கிப்போனார்.